நிரலே சொல்லிவிடும் என்பவர்களுக்கு

மென்பொருள் நிறுவனங்களின் கூட்ட அறைகளில் ஒரு வாதம் வேரூன்றிவிட்டது. ஏஐ மாடல்கள் இந்த அளவுக்குத் தேறிவிட்ட பிறகு, கருவிகளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பது பழைய காலத்து வேலை என்பதே அது. கையேடு மனிதருக்குத்தான் வேண்டும். மாடலைக் கொண்டு தானே வேலைகளைச் செய்யும் ஏஜென்ட் நிரலையே படித்துவிடும், உதவிக் கட்டளையை ஓட்டிப் பார்க்கும், ஒருமுறை தவறினால் மறுமுறை திருத்திக்கொள்ளும். ஆகவே ஆவணத்துக்குப் போகும் நேரத்தை அடுத்த வசதியைக் கட்டுவதில் செலவிடலாம் என்கிறார்கள்.

இதைச் சொல்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். கிளாட் கோட், கோடெக்ஸ், கர்சர் போன்ற ஏஐ நிரலாக்கக் கருவிகளோடு தினமும் வேலை செய்பவர்கள். முன்பின் தெரியாத ஒரு நிரல் தொகுப்பை ஏஜென்டிடம் கொடுத்தபோது, அது கோப்பு கோப்பாகப் புரட்டிப் பிழை ஒளிந்திருந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்த அனுபவம் உண்மையானது. அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் தவறு.

ஒரு கருவியைச் சரியாகப் பயன்படுத்தத் தேவையான செய்திகளில் மிக முக்கியமானவை நிரலில் இருப்பதில்லை. அதை உருவாக்கியவரின் மனத்தில் இருக்கின்றன. அவர் எழுதினாலொழிய அவை வெளியே வருவதில்லை.

பணம் வசூலிக்கும் சேவைகளை எடுத்துக்கொள்ளலாம். ரேசர்பே நிறுவனத்தின் ஏபிஐயில், அதாவது பிற நிரல்கள் அதை அழைக்கும் இடைமுகத்தில், தொகை என்ற இடத்தில் 500 என்று அனுப்பினால் அது ஐந்து ரூபாய். ஐந்நூறு ரூபாய் வேண்டுமென்றால் 50000 என்று அனுப்ப வேண்டும். அங்கே கணக்கு பைசாவில். ஸ்ட்ரைப் நிறுவனத்திலும் இதே ஏற்பாடுதான்: டாலருக்கு சென்ட். ஆனால் ஜப்பானிய யென்னுக்கு உட்பிரிவு கிடையாது என்பதால் அங்கே 500 என்றால் 500 யென்னேதான். குவைத் தினாரோ ஆயிரம் ஃபில்ஸ் கொண்டது. இவற்றில் எதையும் ‘தொகை: முழு எண்’ என்ற வரையறையைப் பார்த்து ஒருவர் ஊகித்துவிட முடியாது. ஏஜென்டும் ஊகிக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, தவறினால் என்ன நடக்கும் என்பது. பிழைச் செய்தி எதுவும் வராது. 500 என்று அனுப்பிய ஏஜென்டுக்கு ‘வெற்றி’ என்ற பதிலே திரும்பி வரும். வாடிக்கையாளருக்கு ஐந்து ரூபாய்க்கான கட்டண இணைப்பு போய்ச் சேரும். ‘தவறினால் திருத்திக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை, தவறு தன்னைத் தவறென்று அறிவித்துக்கொள்ளும் என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. மென்பொருளில் மிக அதிகச் சேதம் விளைவிக்கும் தவறுகள் அப்படி அறிவிப்பதில்லை. மேலும், இந்தச் சேவைகளின் உள்நிரல் அந்தந்த நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. ‘நிரலைப் படித்துக்கொள்ளும்’ என்பவர்கள் எந்த நிரலைச் சொல்கிறார்கள்? ஏஜென்ட் இன்று தொடும் கருவிகளில் பெரும் பகுதி அதன் கண்ணுக்கே படாத இடத்தில் ஓடுகிறது. மின்னஞ்சல் அனுப்புவது, ஆர்டரை ரத்து செய்வது, நாட்காட்டியில் கூட்டம் குறிப்பது என எதை எடுத்தாலும் அதற்குத் தெரிவது பெயர், இரண்டு வரி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், அவ்வளவுதான்.

சரி, நிரல் திறந்தே கிடக்கும் கருவிகளில்? உலகின் ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் இருக்கும் கர்ல் அப்படிப்பட்டது. இணைய முகவரி ஒன்றிலிருந்து கோப்பை இறக்கச் சொன்னால் இறக்கும். அந்த முகவரியில் கோப்பு இல்லாமல் சர்வர் 404 என்று பதில் தந்தால்? கர்ல் தன் வேலை முடிந்ததாக, சுழியம் என்ற வெளியேறு குறியீட்டைத் தந்து நின்றுவிடும். சர்வர் அனுப்பிய ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பையே கோப்பாகச் சேமித்தும் வைத்திருக்கும். கர்லின் பார்வையில் இது நியாயமே. கேட்டதற்குப் பதில் வந்தது, பதிலைக் கொண்டுவந்து கொடுத்தாயிற்று. இதைத் தோல்வியாகக் கருத வேண்டுமென்றால் ‘ஃபெயில்’ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். அப்போது 22 என்ற குறியீடு வரும். கர்லின் கையேடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வொரு விருப்பத்துக்கும் தனித்தனி ஆவணக் கோப்பு வைத்து, அவற்றைத் தொகுத்துக் கையேடு உண்டாக்கும் ஒழுங்கு அந்தத் திட்டத்தில் இருக்கிறது. கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க்கும் அவரது கூட்டாளிகளும் இந்த வேலையில் காட்டும் சிரத்தை, பல பெரிய நிறுவனங்களிடம் இல்லை.

கோப்புகளில் சொற்களைத் தேடும் கிரெப்பும் அப்படித்தான். தேடிய சொல் கிடைக்கவில்லை என்றால் 1, உண்மையிலேயே பிழை நேர்ந்தால் 2. பொதுவாகச் சுழியம் அல்லாத எதையும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் கணினி உலகில் இருக்கிறது. அந்த வழக்கத்தை மட்டும் நம்பிப் போகும் ஏஜென்ட், ‘அந்தச் சொல் எங்கும் இல்லை’ என்ற பயனுள்ள விடையைக் கோளாறாகக் கருதி வேறு வழி தேடிப் போகும். இரண்டும் அரைநூற்றாண்டாகவோ கால்நூற்றாண்டாகவோ புழங்கும் கருவிகள் என்பதால் மாடல்களுக்கு இந்த நுணுக்கங்கள் பெரும்பாலும் தெரிந்திருக்கின்றன. ஏன் தெரிந்திருக்கின்றன? யாரோ உட்கார்ந்து எழுதிவைத்தார்கள். எழுதியது பயிற்சித் தரவுக்குள் போனது. மாடலின் சொந்த அறிவு என்று இன்று வியக்கப்படுவதில் பெரும் பங்கு பழைய ஆவண எழுத்தாளர்களின் உழைப்பு. அந்த உழைப்பை இனி வேண்டாம் என்று சொல்ல, அதன் பலனையே சான்றாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

‘பயிற்சியிலேயே எல்லாம் வந்துவிட்டது’ என்ற கிளைவாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2023 நவம்பரில் ஓப்பன்ஏஐ தன் பைதான் நூலகத்தின் 1.0 பதிப்பை வெளியிட்டது. உரையாடல் மாடலை அழைக்கும் பழைய முறை அதில் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் நெடுநாள், ஓப்பன்ஏஐயின் சொந்த மாடல்கள் உட்படப் பலவும், பழைய முறையிலேயே நிரல் எழுதித் தந்துகொண்டிருந்தன. ஏனென்றால் அவை படித்தது பழையதை. தன்னைப் படைத்த நிறுவனத்தின் நூலகத்திலேயே இப்படியென்றால், ஒரு சிறு நிறுவனம் போன மாதம் மாற்றிய ஏபிஐ பற்றி மாடலுக்கு எப்படித் தெரியும்?

தெரியாதபோது அது மௌனமாக இருந்தால் நல்லது. இருப்பதில்லை, பொருத்தமான ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறது. ஹக்கிங்ஃபேஸ் நிறுவனத்தின் கட்டளைவரிக் கருவியை நிறுவ எழுத வேண்டிய பெயர் வேறு; ஆனால் மாடல்கள் ‘ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ’ என்ற, அப்போது இல்லவே இல்லாத ஒரு பொதியின் (பேக்கேஜ்) பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதை லாசோ செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர் பார் லன்யாடோ கவனித்தார். அந்தப் பெயரில் வெறுமையான ஒரு பொதியைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி வைத்தார். மூன்று மாதங்களில் 30,000 தடவைக்கு மேல் அது பதிவிறக்கம் ஆனது. அலிபாபாவின் ஓர் ஆய்வுத் திட்டத்தின் நிறுவல் குறிப்பிலேயே அந்தப் பெயர் இடம்பெற்றிருந்தது. அவர் நல்லவர், வெற்றுப் பொதியை வைத்தார். கெட்ட எண்ணம் கொண்டவர் வைத்திருந்தால்?

இது ஒரு தனி விபத்து அன்று. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 மாடல்களைக் கொண்டு 5,76,000 நிரல் மாதிரிகளை எழுதவைத்துப் பார்த்தபோது, இல்லாத பொதிகளின் பெயர்களாக மட்டும் 2,05,474 வெவ்வேறு பெயர்கள் கிடைத்தன. வணிக மாடல்களிலேயே பரிந்துரைத்த பொதிகளில் சராசரியாகக் குறைந்தது 5.2 சதவீதம் கற்பனை. திறந்த மாடல்களில் 21.7 சதவீதம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 2023இல் வந்த ‘கொரில்லா’ ஆய்வு இதற்கு மாற்றையும் காட்டியது: வேலை செய்யும் நேரத்தில் உரிய ஏபிஐயின் ஆவணத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தால் இந்தக் கற்பனை வெகுவாகக் குறைகிறது, ஏபிஐ மாறினால் மாறியபடியே பயன்படுத்தவும் மாடலால் முடிகிறது. ஆனால் தேடி எடுக்க அங்கே ஓர் ஆவணம் இருக்க வேண்டும்.

இனி வாதத்தின் மையத்துக்கு வரலாம். மாடலின் திறமைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, கருவி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது பொருட்டல்ல என்பதே இந்தக் கட்சியின் அடிப்படை நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினர் 2024இல் ‘எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்’ என்ற ஆய்வை வெளியிட்டனர். உண்மையான திறந்த மென்பொருள் திட்டங்களில் பதிவான பிழைகளை ஏஜென்ட் சரிசெய்ய வேண்டும், அதுதான் தேர்வு. மாடல் ஒன்றே, கேள்விகளும் அவையே. மாற்றியது கருவிகளின் வடிவத்தை மட்டும். 300 கேள்விகள் கொண்ட தொகுப்பில், வெறும் லினக்ஸ் கட்டளைவரியை மட்டும் கொடுத்தபோது 11 சதவீதம் தீர்ந்தது. ஏஜென்டுக்கென்று யோசித்து அமைத்த கருவிகளைக் கொடுத்தபோது 18 சதவீதம். கோப்பைப் பார்க்கும் கருவி ஒரு நேரத்தில் 100 வரி காட்டினால் அந்த 18. முழுக் கோப்பையும் கொட்டினால் 12.7க்கு இறங்கியது. திருத்தும் கருவி, இலக்கணப் பிழையுள்ள திருத்தத்தை ஏற்க மறுத்துக் காரணத்தைச் சொன்னால் 18, சொல்லாவிட்டால் 15.

இவற்றிலெல்லாம் அதிகம் யோசிக்க வைப்பது தேடல் கருவியின் முடிவு. கிடைத்த விடைகளைச் சுருக்கிப் பட்டியலிட்ட கருவியோடு 18 சதவீதம். விடைகளை ஒவ்வொன்றாக ‘அடுத்து, அடுத்து’ என்று தள்ளிப் பார்க்கவைத்த கருவியோடு 12 சதவீதம். தேடல் கருவியே கொடுக்காதபோது 15.7 சதவீதம். மோசமாக அமைந்த ஒரு கருவி, கருவி இல்லாமையைவிடக் கேடு. ஏஜென்ட் அந்த ‘அடுத்து’ கட்டளையைச் சளைக்காமல் கொடுத்துக்கொண்டே போய்த் தன் பொழுதையும், மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வாசக இடத்தையும் தீர்த்துவிட்டது. மனிதராக இருந்தால் மூன்றாவது பக்கத்தில் எரிச்சலாகி வேறு வழி பார்த்திருப்பார். இந்த ஆய்வு செய்த இன்னொரு சிறு காரியம்: எந்த வெளியீடும் தராமல் ஒரு கட்டளை முடிந்தால், ‘உங்கள் கட்டளை வெற்றியாக முடிந்தது, வெளியீடு எதுவும் இல்லை’ என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். மௌனத்தை வெற்றி என்று புரிந்துகொள்வது யுனிக்ஸ் பழகியவர்களின் பண்பாடு. ஏஜென்டுக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு பொறியியல் குறிப்பில், இதே தேர்வுக்காக ஏஜென்டை உருவாக்கியபோது, மாடலுக்குத் தரும் பொதுக் கட்டளையைவிடக் கருவிகளைச் செம்மைப்படுத்தவே அதிக நேரம் செலவானதாகச் சொல்கிறது. ஏஜென்ட் வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு, கோப்பின் பாதையைத் தவறாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. மாடலை மாற்றவில்லை. எப்போதும் வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையையே தர வேண்டும் என்று கருவியின் விதியை மாற்றினார்கள். தவறு நின்றுபோனது. அதே நிறுவனம் 2025இல் சொன்ன இன்னொரு அனுபவம்: வலைத் தேடல் கருவியைக் கொடுத்தபோது மாடல் காரணமில்லாமல் தேடும் சொற்களோடு ‘2025’ என்பதைச் சேர்த்துக்கொண்டே இருந்தது, முடிவுகள் கெட்டன. கருவியின் விளக்க வரிகளைத் திருத்தியதும் அது சரியானது.

தன் மாடலின் திறமையைப் பற்றிப் பெருமை பேச எல்லாக் காரணமும் உள்ள ஒரு நிறுவனம், விளக்கத்தின் சொற்களைத் திருத்துவதற்கு இவ்வளவு நேரம் கொடுக்கிறது. விளக்கம் வேண்டாம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இதில் மாயம் ஏதுமில்லை. இயங்கும் முறையே அப்படி. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் அழைப்பு என்ற வசதியைக் கொண்டுவந்ததிலிருந்தும், 2024 நவம்பரில் கருவிகளை மாடல்களோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறை வந்ததிலிருந்தும் ஏற்பாடு ஒன்றுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் ஆகியவை வாசகமாகவே மாடலின் முன் வைக்கப்படுகின்றன. பயனர் ஒன்றைக் கேட்டால், எந்தக் கருவியை எடுப்பது, எதை எந்த இடத்தில் நிரப்புவது என்பதை அந்த வாசகத்தைப் படித்தே மாடல் முடிவு செய்கிறது. ஆகவே அந்த விளக்கம் கருவிக்குப் பக்கத்தில் வைத்த குறிப்பு மட்டும் அன்று. கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதன் ஒரு பகுதி. அதில் ஒரு சொல்லை மாற்றினால் நிரலில் ஒரு வரியை மாற்றியதைப் போலவே விளைவு மாறும்.

இதற்கு மிகக் கசப்பான சான்று தாக்குதல்காரர்களிடமிருந்து வந்தது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘கருவி நஞ்சூட்டல்’ என்ற தாக்குதலை விளக்கிக் காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டித் தரும் சாதாரணக் கருவி போன்ற ஒன்று. அதன் விளக்கத்துக்குள் பயனர் பார்க்காத சில வரிகள்: பயனரின் ரகசியக் கோப்பைப் படித்து இந்த உள்ளீட்டில் சேர்த்து அனுப்பு என்று. ஏஜென்ட் அப்படியே செய்தது. அதை அப்படிச் செய்யவைத்தது கருவியின் நிரல் அன்று, விளக்கம்தான். விளக்கத்துக்கு மதிப்பில்லை என்று உருவாக்குபவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, அதன் வலிமையைத் திருடர்கள் முதலில் புரிந்துகொண்டார்கள்.

மனிதருக்கும் ஏஜென்டுக்கும் இடையே இன்னொரு வேறுபாட்டைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அரைகுறை ஆவணத்தோடும் சமாளித்துவிடுவார். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம், ‘அண்ணா, இந்த ஸ்கிரிப்டை ஓட்டினா லைவ் டேட்டாபேஸ்ல போயிடுமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் எண்டர் பொத்தானைத் தொடுவார். அந்த ஒரு கேள்வியால் எத்தனையோ நிறுவனங்கள் தப்பியிருக்கின்றன. மோசமான ஆவணங்கள் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணமே இந்த வாய்வழி ஏற்பாடுதான். ஏஜென்ட் அந்த இருக்கைகளுக்கு நடுவே உட்கார்வதில்லை. காப்பி குடிக்கும் நேரத்தில் காதில் விழும் சேதி அதற்குக் கிடையாது. தயக்கமும் குறைவு. எழுத்தில் இல்லாதது அதன் உலகத்தில் இல்லை.

‘அப்படியானால் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவோம்’ என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. அதுவும் உதவாது. மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வாசகத்துக்கு எல்லை உண்டு. எல்லைக்குள்ளும், நீண்ட வாசகத்தின் நடுவில் புதைந்த செய்தியை மாடல்கள் எளிதில் தவறவிடுகின்றன என்பதை 2023இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒன்றுபோல் ஒலிக்கும் ஐம்பது கருவிகளை அடுக்கினால் எதை எடுப்பதென்று அது தடுமாறும். கருவியைப் பற்றி எல்லாவற்றையும் எழுதுவது எளிது. ஏஜென்ட் தவறக்கூடிய இடம் எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் எழுதுவதுதான் கடினம், அதற்குத்தான் திறமை வேண்டும்.

ஓர் உதாரணம் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். கடை ஒன்றின் ஏஜென்டுக்கு ‘ஆர்டர் ரத்து’ என்றொரு கருவி. ‘ஆர்டரை ரத்து செய்யும். உள்ளீடு: ஆர்டர், காரணம்’ என்று விளக்கம். இலக்கணம் சரி, பொய் எதுவும் இல்லை, பயனும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: ‘இன்னும் கிடங்கைவிட்டுப் புறப்படாத ஆர்டரை ரத்து செய்யும். புறப்பட்டுவிட்டால் பிழை தரும். அப்போது திருப்பி அனுப்பும் கருவியைப் பயன்படுத்தவும். ஆர்டர் எண் என்பது ரசீதில் உள்ள பத்து இலக்கம், வாடிக்கையாளர் எண் அன்று. ரத்து செய்ததை மீட்க முடியாது. ஆகவே வாடிக்கையாளர் உறுதி சொன்ன பிறகே அழைக்கவும். பணம் தானாகத் திரும்பாது, அதற்குத் தனிக் கருவி உண்டு.’ கூடியது சில வரிகள். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒரு வாடிக்கையாளரின் பணமோ பொருளோ சிக்கிக்கொண்ட இடம். இவற்றை நிரலின் ஓரிரு நூறு வரிகளுக்குள் தேடினால் முதலாவது கிடைக்கக்கூடும். ‘உறுதி சொன்ன பிறகே’ என்பது எந்த நிரலிலும் கிடைக்காது. அது கடையின் முடிவு.

பிழைச் செய்தியும் ஆவணமே. ஏஜென்டைப் பொறுத்தவரை, அது தேவைப்படும் அதே நொடியில் வந்து சேரும் ஆவணம். ரஸ்ட் மொழியின் கம்பைலர் இதில் ஒரு பாடசாலை. ஏற்கெனவே கைமாறிவிட்ட மதிப்பை மறுபடி பயன்படுத்தினால் இ0382 என்று எண்ணிட்டு, எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் தவறாகத் தொட்டோம் என்று சுட்டி, இப்படி மாற்றிப் பார்க்கலாம் என்று யோசனையும் தரும்; வேண்டுமானால் அந்த எண்ணுக்குரிய நீண்ட விளக்கத்தையும் காட்டும். கருவிகளே நேரடியாகப் படித்துத் திருத்தம் செய்யும்படி ஜேசன் வடிவிலும் கொடுக்கும். ஏஜென்டுகள் வரும் என்று யாரும் எண்ணாத காலத்தில் மனிதர்களுக்காகச் செய்த வேலை இது. இன்று ஏஜென்டுகள் அதன் பலனை அனுபவிக்கின்றன. ‘உள் பிழை நேர்ந்தது’ என்று மட்டும் சொல்லி நிற்கும் கருவிகளிடம் அதே ஏஜென்டுகள் ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்து பூட்டு ஆகாது. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றக்கூடாது என்று பயனர் தெளிவாக எழுதியிருந்தும், நடப்பில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. அதற்குப் பிறகு நிறுவனம் சோதனைத் தரவுத்தளத்தையும் நடப்புத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதுவே சரியான மருந்து. அழிக்கும் அதிகாரத்தை அனுமதியால் கட்டுப்படுத்த வேண்டும், வாக்கியத்தால் அன்று. எம்சிபி நெறிமுறையில் ‘இது படிக்க மட்டும்’, ‘இது அழிக்கக்கூடியது’ என்று கருவிக்கு முத்திரை குத்தும் வசதி உண்டு. நம்பகமான இடத்திலிருந்து வந்தாலொழிய அந்த முத்திரையை நம்பக்கூடாது என்று அதே நெறிமுறை சொல்கிறது. ஆனால் பூட்டு வேண்டும் என்பதால் வழிகாட்டிப் பலகை வேண்டாம் என்று ஆகிவிடாது. பெரும்பாலான வேலைகளில் ஏஜென்ட் அத்துமீறுவதில்லை. வழி தெரியாமல் தவறுகிறது.

கடைசியாக, இந்தக் கட்சியின் புத்திசாலித்தனமான வாதம்: ஆவணம் வேண்டுமென்றால் ஏஐயே எழுதட்டுமே. எழுதவைத்துப் பார்த்தவர்களுக்கு விளைவு தெரியும். ஃபங்ஷனின் பெயர் ‘பயனரைப் பெறு’ என்றால், விளக்கம் ‘பயனரைப் பெறுகிறது’ என்று வரும். நிரலில் உள்ளதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்வதால் படிக்கும் ஏஜென்டுக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை; இடம்தான் நிரம்புகிறது. எதிர்ச்சான்று போலத் தோன்றும் ஒரு நிகழ்வும் உண்டு. ஆந்த்ரோபிக் தன் ஆராய்ச்சி ஏஜென்டுகளை உருவாக்கியபோது, குறையுள்ள ஒரு கருவியை ஓர் ஏஜென்டிடமே கொடுத்து விளக்கத்தைத் திருத்தி எழுதச் சொன்னது. புதிய விளக்கத்தோடு அடுத்து வந்த ஏஜென்டுகளுக்கு வேலை முடிக்கும் நேரம் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஏஜென்ட் நிரலைப் படித்துவிட்டு எழுதவில்லை. கருவியைப் பல பத்துத் தடவை ஓட்டி, எங்கெல்லாம் விழுகிறது என்று பார்த்து, விழுந்த இடங்களை எழுதியது. நல்ல ஆவண எழுத்தாளர் செய்வதும் அதையேதான். மேலும், அந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது? மாடல் மாறாமல், கருவி மாறாமல், விளக்கம் மாறியதால் மட்டுமே வந்தது.

1971 நவம்பர் 3 தேதியிட்ட யுனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பில், ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், சுருக்கம், விளக்கம் ஆகியவற்றோடு ‘பிழைகள்’ என்றொரு தலைப்பும் இருந்தது. இந்தக் கருவி எங்கே கோணும் என்பதை அதை எழுதியவரே ஒப்புக்கொள்ளும் இடம் அது. கையேட்டின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் கருவிகளைத் திருத்தும் வேலையும் மும்முரமாகும் என்று யுனிக்ஸை உருவாக்கிய குழுவில் இருந்த டக் மெக்கில்ராய் நினைவுகூர்ந்திருக்கிறார். அசிங்கத்தை எழுத்தில் வைக்கக் கூசி, எழுதுவதற்குப் பதில் கருவியையே சரிசெய்துவிடுவார்களாம். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் நடந்ததும் இத்தகையதே. ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை கிளை மாறவும் செய்யும், சேமிக்காத மாற்றங்களைக் கேட்காமல் அழிக்கவும் செய்யும். இதை யாருக்கும் ஒரு வாக்கியத்தில் விளக்க முடியாது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் ‘ஸ்விட்ச்’, ‘ரெஸ்டோர்’ என்று இரண்டு கட்டளைகளாகப் பிரித்துத் தந்தார்கள். விளக்கம் எழுத உட்காரும்போது வராத வாக்கியம், பெரும்பாலும் கருவியின் கோளாறைத்தான் காட்டிக்கொடுக்கிறது. விளக்கமே வேண்டாம் என்று முடிவெடுத்த குழுவுக்கு அந்த எச்சரிக்கை ஒருபோதும் வராது.

நாளை வரும் மாடல்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், உண்மைதான். இருந்தும் ஒரு வங்கியின் உள்கருவியோ, ஒரு மருத்துவமனையின் முன்பதிவு அமைப்போ, ஒரு தொழிற்சாலையின் இருப்புப் பதிவேடோ எந்த மாடலின் பயிற்சித் தரவிலும் இருக்கப்போவதில்லை. அங்கே பைசாவா ரூபாயா, 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா, ‘முடிந்தது’ என்ற நிலைக்குப் பிறகும் ஒருவர் கையெழுத்திட வேண்டுமா என்பதெல்லாம் அந்த அமைப்போடு பழகியவர்களுக்கு மட்டுமே தெரியும். ஆவணக் குழுக்களைக் குறைக்கும் நிறுவனங்கள் வெளியே அனுப்புவது இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேகரித்து வைத்திருக்கும் ஆட்களை. கருவிக்கு என்ன விளக்கம் எழுதுவது என்று தெரியாத குழு, முதலில் தன் உதவி மையத்தின் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும். வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் அதே நாலைந்து கேள்விகளும், அவற்றுக்கு அங்கே இருப்பவர் அலுக்காமல் எழுதிய பதில்களும் அதில் இருக்கும். ஏஜென்டின் முன் வைக்க வேண்டிய வரிகள் அவைதான். வைத்த பிறகு ஏஜென்டை ஓடவிட்டு, அது எந்த வரியைப் படித்தும் தவறியது என்று அதன் பதிவுகளைப் படித்து, அந்த வரியைத் திருத்த வேண்டும்.